இடியைத் தேடிக் குப்பனூருக்கு: வாசகர் கேள்வியும் நம் பதிலும்

மார்ச் கடைசியில் ஒருநாள் குப்பனூர் போய் இடிமழையைத் துரத்தப் போகிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். போய் வந்தாயிற்று. வானம் இடித்ததைவிட வாசகர்கள் இடித்ததுதான் அதிகம். அச்சில் ஏறத் தகுந்த கேள்விகள் மட்டும் இங்கே.

கே: குப்பனூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மழையைத் துரத்துவது எப்படி ஐயா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்)

ப: தூண்டில் போடுகிறவர் மீன் பின்னால் ஓடியா பிடிக்கிறார்? வரும் இடம் தெரிந்தால் போதும்.

கே: சேலத்தைச் சுற்றி இத்தனை ஊர் இருக்க, குப்பனூர் ஏன்?
(கல்லூரி மாணவி, அழகாபுரம்)

ப: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதை. எல்லோரும் போவது அடிவாரம் வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. இன்னொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாகப் போவது. குப்பனூர் இந்த இரண்டாம் பாதையின் வாசற்படி. வடக்கே தலையைத் தூக்கினால் சேர்வராயன் மலை சுவர்போல நிற்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர்.

கோடையில் சமவெளி கொதிக்கும்போது சூடான காற்று மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மாலையில் வங்கக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்றும் வந்து சேர்ந்துகொண்டால் இடிமேகம் தயார். வானிலை மையம் 'வெப்பச்சலனம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் சமாச்சாரம் இதுதான். இட்லிப் பானையைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று கிளம்புமே, அதற்கு மலை ஓர் ஏணியும் போட்டுக் கொடுக்கிறது.

கே: அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்களாமே?
(மென்பொருள் ஊழியர், ஓசூர்)

ப: தொழிலாக, ஆராய்ச்சியாக, பொழுதுபோக்காக, பணம் கட்டிப் போகும் சுற்றுலாவாக என்று எல்லா விதமாகவும் உண்டு. முன்னோடிகளில் ஒருவர் டேவிட் ஹோட்லி. வடக்கு டகோட்டாவில் 1956-லேயே காரை எடுத்துக்கொண்டு மேகத்தின் பின்னால் போனவர். 1977-ல் இதற்கென்று 'ஸ்டார்ம் டிராக்' என்று ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். ஓக்லஹோமா, கன்சாஸ் பக்கம் தரை தோசைக்கல் மாதிரி. சாலைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டுவார்கள். நாள் முழுக்க ஓட்டி, வெறும் நீல வானத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதும் சகஜம். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டு வருவதைப் போல.

கே: சேலத்தில் டொர்னடோ வருமா? நேரடியாகச் சொல்லவும்.
(வாடகை கார் ஓட்டுநர், சூரமங்கலம்)

ப: வரும் என்று எதிர்பார்த்துப் பிழைப்பு நடத்த முடியாது. காரணத்தை உங்கள் வீட்டுப் பூஜையறையிலேயே பார்க்கலாம். பஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பின்னாலும் தேய்த்தால் விளக்குத்திரி உருளுகிறதல்லவா? தரையோரக் காற்று ஒரு திசையிலும், உயரத்துக் காற்று வேறு திசையில் அதைவிடப் பலமாகவும் அடித்தால், நடுவிலிருக்கும் காற்று அப்படித்தான் படுத்தவாக்கில் உருளும். இடிமேகத்துக்குள் மேலேறும் காற்று அந்தத் திரியை நிமிர்த்தி நிறுத்தினால், மேகமே சுழல ஆரம்பிக்கும். பெரிய டொர்னடோக்கள் பெரும்பாலும் இப்படிச் சுழலும் மேகத்தின் அடியில்தான் பிறக்கின்றன.

நம் ஊர்க் கோடையில் சூடு உண்டு, ஈரம் உண்டு. மேலே பலமாக அடிக்க வேண்டிய காற்றுதான் கிடையாது. ஒரு கைதான் இருக்கிறது, திரி உருளாது.

கே: ஆனால் வருடாவருடம் 'சூறாவளிக் காற்றில் ஆயிரக்கணக்கான வாழைகள் சாய்ந்தன' என்று செய்தி வருகிறதே? என் தோட்டமே போயிருக்கிறது.
(வாழை விவசாயி, எடப்பாடி)

ப: உங்கள் இழப்பு உண்மை. பெயர்தான் தவறு. மேகத்துக்குள் இருக்கும் மழையும் ஆலங்கட்டியும் காற்றைக் குளிரவைத்து, கனமாக்கி, மொத்தமாகக் கீழே தள்ளும். குடத்துத் தண்ணீரைத் திண்ணையில் கவிழ்த்தால் நாலாபக்கமும் சிதறுவது போல, அந்தக் காற்று தரையில் மோதி வெளிப்பக்கமாகப் பாயும். பத்து நிமிடத்தில் தோப்பு காலி.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டெட்சுயா ஃபுஜிதா என்ற ஜப்பானியர். 1945-ல் அணுகுண்டு விழுந்த ஊர்களை ஆராயப் போனபோது, மரங்கள் ஒரு மையத்திலிருந்து விலகி நட்சத்திரம்போல் விழுந்து கிடந்ததைப் பார்த்து மனதில் வைத்திருந்தார். முப்பது ஆண்டு கழித்து, இடிமேகத்தின் அடியிலும் மரங்கள் அதே கோலத்தில் விழுந்திருப்பதை விமானத்திலிருந்து பார்த்தபோது புரிந்துகொண்டார். டொர்னடோவுக்கு அளவுகோல் வகுத்தவரும் அவரே, 1971-ல்.

அடுத்த முறை நஷ்டக் கணக்கு எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். வாழைகள் ஒரே பக்கமாகவோ விசிறி விரித்ததுபோலவோ சாய்ந்திருந்தால் அது மேலிருந்து விழுந்த காற்று. குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடந்தால் சுழற்காற்றைச் சந்தேகிக்கலாம். நிவாரணம் இரண்டுக்கும் ஒரே தாமதத்தில்தான் வரும்.

கே: புயல், சூறாவளி, சூறைக்காற்று... எல்லாம் ஒன்றா?
(தமிழாசிரியை, வாழப்பாடி)

ப: நீங்களே கேட்டால் நான் எங்கே போவேன்? கடலில் பிறந்து, பல நூறு கிலோமீட்டர் அகலமாக, நாள்கணக்கில் நகர்வது புயல். தானே, வர்தா, கஜா, ஃபெஞ்சல் என்று பெயர் சூட்டிக்கொண்டு, தேதி சொல்லிவிட்டு வரும். இலங்கைத் தமிழர்கள் அதையே சூறாவளி என்பார்கள். டொர்னடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். பெயரும் கிடையாது, முன்தபாலும் கிடையாது. 'சூறை' என்றால் சுழற்காற்று. கொள்ளை என்றும் பொருள். காற்றுக்கும் திருடனுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள் நிச்சயமாகத் தோப்பு வைத்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி இது. இன்று எல்லாவற்றுக்கும் 'செம காத்து' என்கிறோம்.

கே: இந்தியாவில் டொர்னடோவே வந்ததில்லையா?
(போட்டித் தேர்வு எழுதுபவர், நாமக்கல்)

ப: தாராளமாக வந்திருக்கிறது. 1978 மார்ச் 17 அன்று வடக்கு டெல்லியில், பல்கலைக்கழகப் பகுதியை ஒட்டி ஒன்று கிழித்துக்கொண்டு போனது. 28 பேர் இறந்தார்கள். 1998 மார்ச் 24-ல் மேற்கு வங்க-ஒடிசா எல்லையில் தாந்தன் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர். 2024 மார்ச் 31-ல் ஜல்பைகுரியில். உலகிலேயே அதிக உயிரைக் குடித்தது அமெரிக்காவில் அல்ல. வங்கதேசத்தில், 1989 ஏப்ரல் 26 அன்று. ஏறத்தாழ 1,300 பேர். அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டொர்னடோ சுழன்றாலும் அங்கே சைரன் உண்டு, பதுங்கு அறை உண்டு. இங்கே தகரக்கூரை பறந்து வந்துதான் எச்சரிக்கை கொடுக்கும்.

தேதிகளைப் பாருங்கள்: எல்லாம் மார்ச், ஏப்ரல். வங்கத்தில் அப்போது கடலின் ஈரம் கீழே, மேற்கிலிருந்து வரும் பலத்த காற்று மேலே. திரி உருட்ட இரண்டு கையும் இருக்கிறது.

கே: சுற்றி வளைத்தது போதும். அன்று குப்பனூரில் என்னதான் நடந்தது?
(பொறுமையிழந்த வாசகர், சேலம்)

ப: காலை எட்டு மணிக்கு வானம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு. டீக்கடை அம்மாவிடம் "இன்னிக்கு மழை வருங்களா?" என்றேன். "வந்தா தெரிஞ்சிரப் போவுதுங்க" என்றார். இதைவிடப் பொறுப்பான வானிலை அறிக்கையை நான் கேட்டதில்லை.

பதினோரு மணிக்கு மலை முகட்டில் பஞ்சுப் பொதிபோல நாலைந்து மேகம். பன்னிரண்டரைக்கு அவை ஒன்றுசேர்ந்து காலிஃபிளவராக விரிந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கொட்டச்சேடு பக்கம் ஏறினேன். போன பிறகுதான் புத்தி வந்தது. ஆலமரத்தின் அடியில் நின்றுகொண்டு ஆலமரத்தைப் பார்க்க முடியுமா? தலைக்குமேல் கறுப்புக் கூரை, அவ்வளவுதான். மேகத்தின் உருவம் தெரிய வேண்டுமானால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்கத் துரத்தல்காரர்களின் முதல் பாடமும் இதுதான்.

இறங்கி வந்தேன். இரண்டே முக்காலுக்கு மேகத்தின் உச்சி, இதற்குமேல் ஏற இடமில்லை என்பதுபோலத் தட்டையாகப் பரவ ஆரம்பித்தது. கொல்லன் பட்டறை அடைகல்லின் வடிவம். அதற்கும் மேலிருக்கும் காற்று அடுக்கு மூடிபோட்டதுபோல் தடுப்பதால் வரும் கோலம். இரும்பாலை உள்ள ஊருக்குப் பொருத்தமான மேகம்தான்.

மூன்றரைக்கு மலையிலிருந்து சில்லென்று ஒரு காற்று இறங்கியது. புழுதி, சருகு, பிளாஸ்டிக் பை, ஒரு கட்சிக் கொடி எல்லாம் ஒன்றாகப் பறந்தன. மாந்தோப்பில் பிஞ்சுகள் படபடவென்று விழும் சத்தம். டீக்கடை அம்மா முறத்தோடு ஓடினார். குடையை விரித்துக்கொண்டு தயாராக நின்றேன். விழுந்தது எட்டுத் துளி. எண்ணினேன்.

மலை உச்சியில் மட்டும் அரைமணி நேரம் வெள்ளைத் திரை. மேலே நான் இருந்தபோது மேகம் கீழிருந்து நன்றாகத் தெரிந்தது. கீழே வந்தபோது மேலே கொட்டியது. "மழ மேலயே தங்கிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா மடிநிறைய மாவடு கொண்டுவந்து கொட்டினார். அன்று மழையைத் துரத்தி லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கே: 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொன்னால் இடி விழாதா?
(பாட்டி சொல்லைத் தட்டாதவர், ராசிபுரம்)

ப: இடியோசை காதில் விழுந்துவிட்டால் அந்த மின்னல் உங்களை விட்டுவிட்டது என்று அர்த்தம். அர்ஜுனன் தேவைப்படுவது அடுத்த மின்னலுக்கு. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி கேட்கும் தூரத்தில் இருந்தாலே நீங்கள் மின்னலின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். ஆகவே அர்ஜுனனை கான்கிரீட் வீட்டுக்குள்ளிருந்தோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்தோ கூப்பிடவும். மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் வெளியே வர வேண்டாம்.

விளையாட்டில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலில் சாகிறார்கள். பெரும்பாலும் வயலில் நின்றவர்கள், மாடு மேய்த்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்றொரு செயலி வைத்திருக்கிறது. அருகில் மின்னல் இருந்தால் சொல்லும். நம் மேய்ச்சல்காரரின் பட்டன் போனில் அது ஏறாது என்பதுதான் சிக்கல்.

கே: ஒரு இடிமேகத்துக்குள் எத்தனை வோல்ட் இருக்கும்? யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா?
(எலக்ட்ரீஷியன், தாரமங்கலம்)

ப: பார்த்தார்கள். அதுவும் நம் ஊட்டியில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3' ஆய்வகம் அங்கே விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் மியூவான் என்றொரு துகள் உண்டு, மின்னூட்டம் உள்ளது. இடிமேகம் தலைக்குமேல் வரும்போதெல்லாம் மியூவான் எண்ணிக்கை மாறுவதைக் கவனித்தார்கள். எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் என்று கணக்குப் போட்டார்கள். 2011 முதல் 2014 வரை 184 இடிமழை சிக்கியது. அவற்றில் 2014 டிசம்பர் 1 அன்று வந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்! உங்கள் வீட்டு ப்ளக்கில் 230. இடிமேகத்துக்குள் 100 கோடி வோல்ட் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் சொல்லி ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊட்டிக்காரர்கள் 2019-ல் அதை வெளியிட்டார்கள்.

கார் இல்லை, துரத்தல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே வேலை நடந்தது. ஆத்தூர்த் தலைமையாசிரியர் கவனிக்கவும்.

கே: சேலத்து மழையை மட்டும் ஏன் சரியாக முன்கூட்டிச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?
(பள்ளி மாணவன், அம்மாபேட்டை)

ப: நீ கேட்பது மழையையா, விடுமுறையையா? வானிலை மையத்தின் ரமணன் ஐயா தொலைக்காட்சியில் வந்த காலத்திலிருந்தே இது ஒரு பிரச்சினை. புயலைச் செயற்கைக்கோளில் நாலு நாள் முன்பே பார்த்துவிடலாம். இடிமேகம் பிறந்து, கொட்டி, கலைவதற்குள் ஒரு மணி நேரம்தான். அதைப் பிடிக்க ரேடார் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னைத் துறைமுக ரேடார் 2002-லிருந்து சுற்றுகிறது. ஆனால் பூமி உருண்டை, ரேடார் கதிர் ஏறக்குறைய நேர்கோடு; சேலம் வருவதற்குள் கதிர் பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மேகத்தின் தலை தெரியும், கால் தெரியாது. ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் வைக்கத் தமிழக அரசு திட்டம் போட்டது இதனால்தான்.

கே: நீங்கள் பொழுதுபோக்குக்கு மழை பார்க்கிறீர்கள். எங்களுக்கு அது பிழைப்பு. தெரியுமா?
(காபித் தோட்டக்காரர், ஏற்காடு)

ப: தெரியும் ஐயா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காலத்திலிருந்து உங்கள் காபிச்செடி கோடை இடியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குல மழை விழுந்தால், மூடிக்கிடக்கும் மொட்டெல்லாம் எட்டுப் பத்து நாளில் ஒரே சமயத்தில் மலரும். அந்தப் பூமழை தவறினால் வருட மகசூலில் துண்டு. நான் எட்டுத் துளி எண்ணிய அதே நேரத்தில், மேலே நீங்கள் மழைமானியைப் பார்த்துப் புன்னகைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கே: மேலே கொட்டுகிறது என்று தெரிந்ததும் மறுபடி ஏறிப் போயிருக்கலாமே? பயமா?
(பைக் பயணி, ஈரோடு)

ப: ஆமாம், பயம்தான். மேலிருந்து இறங்கிய லாரி டிரைவர் ஜன்னலை இறக்கி, "மரம் முறிஞ்சு கிடக்குதுங்க சார், இப்பப் போவாதீங்க" என்றார். திரும்பி வந்து இன்னொரு டீ சொன்னேன். பெருமழையில் குப்பனூர்ப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது புதிதல்ல. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியபோது இந்த மலையும் சரிவுகளைப் பார்த்தது.

டிம் சமராஸ் என்றொரு பொறியாளர் இருந்தார். 2003-ல் டொர்னடோவின் பாதையிலேயே கருவியை வைத்து, அதன் உள்ளே காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தவர். துரத்தல்காரர்களிலேயே நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் 4.2 கி.மீ. அகல டொர்னடோ திடீரென்று திசை மாறியதில் அவரும் மகனும் சகாவும் மாண்டார்கள். நிதானமானவருக்கே அந்தக் கதி என்றால், நான் லாரி டிரைவர் சொல்லைக் கேட்டது கோழைத்தனமா?

கே: நீங்கள் இப்படி ஊர் சுற்றுவதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள்?
(இல்லத்தரசி, ஓமலூர்)

ப: "மாடியில வடகம் காயுது. மழை வந்தா அங்கிருந்தே போன் பண்ணுங்க" என்றார்கள். மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டவரைவிடக் கூர்மையாக வானத்தைப் பார்க்கும் வானிலை நிபுணர் இன்னும் பிறக்கவில்லை. அன்று குப்பனூரில் மலை கறுத்ததும் போன் செய்தேன். "எடுத்து அரைமணி ஆச்சு" என்று பதில் வந்தது.

கே: மறுபடி போவீர்களா?
(அதே பொறுமையிழந்த வாசகர், சேலம்)

ப: போனேன். பத்தாம் நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கொட்டச்சேட்டைத் தாண்டியதும் காரை நிறுத்தினேன். மல்லிகை வாசம் மாதிரி ஒன்று வழிமறித்தது. சாலைக்கு அந்தப் பக்கச் சரிவு முழுக்கக் காபி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பூ இல்லை. மழை எதுவரை வந்து நின்றது என்று மலையே கோடு போட்டு வைத்திருந்தது. நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், வழக்கம்போல.